காது அடைப்பு நீங்கிவிட்டதா?

ஊர்த் திருவிழாவிலோ கல்யாண மண்டபத்திலோ ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வீடு திரும்பியிருக்கிறீர்களா? வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருக்கும். காது அடைத்துக்கொண்டிருக்கும். படுத்தால் 'ஙொய்' என்று ஓர் இரைச்சல் விடாமல் கேட்கும். மறுநாள் காலையில் பார்த்தால் அடைப்பும் இல்லை, இரைச்சலும் இல்லை. "சரியாகிவிட்டது" என்று அதை மறந்துவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் மறந்தேன். கல்லூரியில் படித்த நாட்களில், உறவினர் திருமணம் ஒன்றில், கூம்பு ஒலிபெருக்கி கட்டிய கம்பத்தின் கீழேயே பாய் விரித்துப் படுத்தவன் நான். இப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சென்ற ஆண்டு காதைப் பரிசோதித்துக்கொண்டேன். "காது நன்றாகவே இருக்கிறது" என்று வரைபடத்தைக் கையில் கொடுத்தார்கள். ஆனால் மதிய வேளையில் கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையின் சந்தடியில் எதிரில் இருப்பவர் பேசினால், எனக்குக் குரல் கேட்கிறது, சொல் பிடிபடுவதில்லை. அன்று கம்பத்தடியில் படுத்ததால்தான் இன்று இப்படி என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஒரே ஓர் ஆளை வைத்து விஞ்ஞானத்தில் எதையும் நிறுவ முடியாது. ஆனால் பரிசோதனை அறையில் நன்றாக இருக்கும் காது, கூட்டத்தில் திணற முடியும் என்பதும், அதற்கான காரணம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதும் 2009 முதல் தெளிவாகி வருகின்றன. அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

நான் இயற்பியல் கற்பிப்பவன். கணக்கு இல்லாமல் எனக்குத் தொடங்க வராது. ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே ஒரு வினாடியில் செல்லும் ஒலி ஆற்றலை ஒலிச்செறிவு என்கிறோம். நல்ல செவியுள்ளவர் கேட்கக்கூடிய மிகச் சன்னமான ஒலியின் செறிவு, சதுர மீட்டருக்கு ஒரு வாட்டில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. இதைத்தான் 0 டெசிபல் என்று வைத்துக்கொண்டார்கள். அதற்குமேல் ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் செறிவு 10 மடங்காகும். எனவே 100 டெசிபல் ஒலி, அந்தச் சன்னமான ஒலியைப்போல் ஆயிரம் கோடி மடங்கு செறிவுடையது.

ஆயிரம் கோடி மடங்கு என்றதும் மலைத்துவிடாதீர்கள். அது சதுர மீட்டருக்கு நூறில் ஒரு வாட்தான். நம் செவிப்பறையின் பரப்பு ஏறத்தாழ 0.6 சதுர சென்டிமீட்டர். 100 டெசிபல் ஒலியில் இரண்டு மணி நேரம் நின்றால் செவிப்பறையில் வந்து விழும் மொத்த ஆற்றல் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஒரு ஜூலில் ஆயிரத்தில் நான்கு பங்குக்குச் சற்று மேல் வரும். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தின் எடைப்பெட்டியில் ஒரு கிராம் எடைக்கல் இருக்கிறதல்லவா? அதை மேசையிலிருந்து 44 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரே ஒரு முறை தூக்கும் வேலை. இரண்டு மணி நேரத்துக்கும் அவ்வளவுதான்!

காதின் அருகே வெடி வெடித்தால் கதை வேறு. அந்தத் திடீர் அழுத்தத்தில் செவிப்பறையே கிழிந்துபோகலாம். ஆனால் ஒரு கிராம் கல்லைத் தூக்கக்கூடிய ஆற்றல், இரண்டு மணி நேரம் பரவலாக வந்து சேர்ந்து, எதைக் கிழித்துவிட முடியும்? அப்படியானால் அடிக்கிற கை எது? ஒலியின் விசையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதற்கு விடை கிடைக்காது. உட்செவிக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

செவிப்பறையின் அதிர்வைச் சுத்தி, பட்டடை, அங்கவடி ஆகிய மூன்று சிற்றெலும்புகள் உட்செவிக்குக் கொண்டுசெல்கின்றன என்பதை நீங்கள் உயிரியலில் படித்திருப்பீர்கள். உட்செவியில் கேட்பதற்கான உறுப்பு காக்ளியா. நத்தை ஓட்டைப்போல் இரண்டரைச் சுற்றுக்கும் சற்று அதிகமாகச் சுருண்டிருக்கும். பிரித்து நீட்டினால் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் நீளம். அதற்குள் திரவம், திரவத்தின் நடுவே நீளவாக்கில் ஒரு சவ்வு. கீச்சென்ற ஒலிகள் இச்சவ்வின் அடிமுனையையும், கனத்த ஒலிகள் நுனியையும் மிகுதியாக அதிரச் செய்கின்றன. ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் சவ்வில் ஓர் இடம். சவ்வின் மேல் ஓர் அலை ஓடுவதைக் கண்டு விளக்கியவர் ஹங்கேரியில் பிறந்த கியார்க் ஃபான் பெக்கேஷி. அவர் பயின்றது இயற்பியல். பணியாற்றியது தொலைபேசி ஆய்வுக்கூடத்தில். 1961-இல் பெற்றதோ மருத்துவத்துக்கான நோபல் பரிசு. உயிரியல் நமக்கெதற்கு என்று நினைக்கும் இயற்பியல் மாணவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

அந்தச் சவ்வின் மேல் மயிர்ச்செல்கள் வரிசையாக நிற்கின்றன. வெளிப்புறம் மூன்று வரிசைகளில் ஏறத்தாழ 12,000. உட்புறம் ஒரே வரிசையில் ஏறத்தாழ 3,500. வெளிச்செல்களின் வேலை சன்னமான ஒலிகளுக்குச் சவ்வின் அதிர்வைப் பெருக்கிக் கொடுப்பது. அவை செல் உருவில் இருக்கும் சின்னஞ்சிறு ஒலிபெருக்கிகள் எனலாம். மூளைக்குச் செய்தி அனுப்புவது பெரும்பாலும் உட்செல்களே. ஒவ்வோர் உட்செல்லின் அடியிலும் பத்து முதல் இருபது நரம்பிழைகள் வந்து தொட்டும் தொடாமலும் நிற்கின்றன. இப்படி ஒவ்வொரு காதிலிருந்தும் ஏறத்தாழ 30,000 இழைகள் மூளைக்குச் செல்கின்றன.

'தொட்டும் தொடாமலும்' என்றேனல்லவா, நம் கதை முழுவதும் அந்த இடத்தில்தான் நடக்கிறது. செல்லுக்கும் இழைக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. அதன் அகலம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. இந்தச் சந்திப்புக்குச் சினாப்ஸ் என்று பெயர். நரம்பு இணைப்பு என்று நாம் சொல்லிக்கொள்வோம். ஒலி வந்து செல்லின் மயிர்கள் சாய்ந்ததும், செல்லின் உள்ளே மின்னழுத்தம் மாறுகிறது. கால்சியம் அயனிகள் உள்ளே நுழைகின்றன. உடனே செல்லின் அடியில் தயாராகக் காத்திருக்கும் நுண்பைகள் உடைந்து, குளுட்டமேட் என்ற வேதிப்பொருளை இடைவெளியில் கொட்டுகின்றன. மறுகரையில் இருக்கும் நரம்பிழை அதை ஏற்று, மின் துடிப்பை மூளைக்கு அனுப்புகிறது. ஓர் இழை வினாடிக்குச் சில நூறு முறை கூடத் துடிக்க முடியும். இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க நுண்பைகளைத் தொடர்ந்து வரிசையில் நிறுத்தி வைக்கும் ஓர் அமைப்பு அங்கே உள்ளது. அதற்கு 'ரிப்பன்' என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

(உணவில் சுவை கூட்டப் போடும் அஜினோமோட்டோவில் இருப்பதும் இதே குளுட்டமேட்தான். உடனே அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட்டுவிடாதீர்கள்! நாம் பேசுவது செல் தானே தயாரித்து, தானே அளந்து கொட்டும் குளுட்டமேட் பற்றி.)

மெதுவான ஒலி என்றால் கொட்டிய குளுட்டமேட்டைத் துணைச்செல்கள் உடனுக்குடன் அள்ளி அப்புறப்படுத்திவிடும். பேரொலி மணிக்கணக்கில் தொடர்ந்தால் என்ன ஆகும்? மயிர்ச்செல் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அள்ளி மாளவில்லை. இழையின் முனையிலுள்ள வாயில்கள் திறந்தபடியே நிற்க, அயனிகள் உள்ளே பாய்கின்றன. அயனிகளைத் தொடர்ந்து நீரும் புகுகிறது. சவ்வூடு பரவல் என்று நீங்கள் படித்ததுதான் இது. ஊறவைத்த கொண்டைக்கடலையைப்போல் இழை முனை உப்புகிறது. சில முனைகள் வெடித்து, செல்லை விட்டுக் கழன்றுபோகின்றன.

எடைக்கல் புதிருக்கு விடை இங்கே இருக்கிறது. ஒலியின் ஆற்றல் இந்த இணைப்பை அறுப்பதில்லை. அது செல்லுக்குக் கட்டளையை மட்டும் இடுகிறது. இணைப்பை அழிப்பது செல் தன் சொந்த ஆற்றலைச் செலவழித்துக் கொட்டிய வேதிப்பொருள். விசையை அழுத்துவது ஒரு விரல். வெள்ளமாய்ப் பாய்வது அணைக்கட்டின் நீர்.

பேரொலிக்குப் பின் இழை முனைகள் உப்புவதை மின்னணு நுண்ணோக்கியில் முன்பே கண்டிருந்தார்கள். ஆனால் வீக்கம் சில நாட்களில் வடிந்துவிடுகிறது, கேட்கும் திறனும் திரும்பிவிடுகிறது. ஆகவே எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது என்றே பல காலம் எண்ணினார்கள். இழந்த இணைப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தவர்கள் அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் கண், காது மருத்துவமனை ஒன்றில் ஆராய்ந்துவந்த ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற இருவர். அவர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இது.

இளஞ்சுண்டெலிகளை 100 டெசிபல் ஒலியில் இரண்டு மணி நேரம் வைத்தார்கள். மேலே நாம் கணக்கிட்ட அதே ஒலி, அதே நேரம். மறுநாள் சோதித்தபோது எலிகளின் கேட்கும் திறன் சில அதிர்வெண்களில் 40 டெசிபல் வரை குறைந்திருந்தது. நம் மொழியில் சொன்னால், காது அடைத்திருந்தது. இரண்டு வாரங்களில் அது முற்றிலும் சரியாகிவிட்டது. மயிர்ச்செல்கள் ஒன்றுகூடச் சாகவில்லை. வெளிச்செல்களின் பெருக்கும் வேலையும் பழுதின்றி நடந்தது. பழைய முறையில் பார்த்தால் இந்த எலிக்குக் காதில் குறை எதுவும் இல்லை.

அதன்பின் ரிப்பன்களுக்கு ஒரு நிறமும் நரம்பிழைகளுக்கு வேறொரு நிறமும் ஏறும்படி சாயமிட்டு, நுண்ணோக்கியின் கீழ் எண்ணினார்கள். காக்ளியாவின் கீச்சொலிப் பகுதியில் இணைப்புகளில் ஏறத்தாழப் பாதியைக் காணவில்லை! வீக்கம் வடிந்திருந்தது உண்மை. ஆனால் கழன்ற இழைகள் மீண்டும் வந்து ஒட்டவில்லை. அது மட்டுமல்ல. இணைப்பை இழந்த நரம்புச் செல்கள் உடனே சாகவில்லை. மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, சிறிது சிறிதாக மடிந்தன. இரண்டு ஆண்டுகள் வாழும் சுண்டெலிக்கு இளமையில் கழித்த இரண்டு மணி நேரம், முதுமையில் நரம்புச் செல்களின் சாவாக வந்து நின்றது.

பாதி இணைப்பு போய்விட்ட காது, சோதனையில் எப்படித் தேறியது? இதை ஒரு வகுப்பறையை வைத்து விளக்குகிறேன். வகுப்பில் இருபது பேர் இருக்க வேண்டும். ஆசிரியர் தாழ்வாரத்தில் நின்றபடி, "உள்ளே யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்கிறார். ஒரே ஒருவன் "உள்ளேன் ஐயா" என்றாலும் போதும். வகுப்பு இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விடலாம். பத்துப் பேர் வராதது அவருக்குத் தெரியவே தெரியாது. காதுப் பரிசோதனையும் இப்படித்தான் கேட்கிறது. சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து, மெல்லிய ஒற்றை ஒலியை அனுப்பி, "கேட்கிறதா, இல்லையா?" என்கிறார்கள். ஒரு செல்லோடு ஒட்டியிருக்கும் சில இழைகள் துடித்தாலும் "கேட்கிறது" என்ற விடை வந்துவிடும். பூனையின் செவி நரம்பில் பெரும் பகுதியை வெட்டிய பின்னரும் இந்த அளவு மாறாதிருந்ததை 1950-களிலேயே கண்டிருக்கிறார்கள்.

ஆனால் அதே ஆசிரியர் உள்ளே வந்து வேகமாக ஒரு பாடத்தைச் சொல்லி, ஆளுக்கு ஒரு வரியாக எழுதச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் இல்லாத வகுப்பில் வரிகள் விட்டுப்போகும். சந்தடியில் பேச்சைப் பிரித்தறிவது இந்த இரண்டாவது வேலை. 'படம்', 'பாடம்', 'பதம்', 'பலம்' ஆகிய சொற்களின் வேறுபாடு ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் அடங்கியிருக்கிறது. அதை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கப் பல இழைகளின் சாட்சி வேண்டும்.

இதைவிட மோசமான செய்தி ஒன்றும் உண்டு. நரம்பிழைகள் எல்லாம் ஒரே வகையல்ல. சில இழைகள் சன்னமான ஒலிக்கே துடித்துவிடும். சந்தடி கூடினால் ஏற்கெனவே உச்சத்தை எட்டிவிட்டதால் மேற்கொண்டு எதையும் தெரிவிக்க முடியாமல் நின்றுவிடும். வேறு சில இழைகள் சோம்பேறிகள்போல் தோன்றும். மெல்லிய ஒலிக்கு அசையவே மாட்டா. ஒலி உரக்க எழும்போதுதான் விழித்துக்கொள்ளும். சந்தடியின் நடுவே பேச்சைப் பிடித்துத் தருபவை இந்த இரண்டாம் வகையே. 2013-இல் கினிப்பன்றிகளில் நடந்த ஆய்வில், பேரொலிக்கு முதலில் பலியானவை இவைதாம் என்று தெரிந்தது. மௌன அறைச் சோதனையில் இவற்றுக்கு வேலையே இல்லை. ஆகவே இவை போனாலும் சோதனைக்குத் தெரிவதில்லை. இதனால்தான் இக்குறையை 'மறைந்திருக்கும் கேட்டல் இழப்பு' என்று அழைக்கிறார்கள்.

எலிக்கு ஆனது மனிதனுக்கும் ஆகுமா? கேட்க வேண்டிய கேள்விதான். உயிரோடிருப்பவரின் காக்ளியாவைத் திறந்து எண்ணிப் பார்க்க முடியாது. அது உடலிலேயே மிகக் கடினமான எலும்புக்குள் இருக்கிறது. இறந்தபின் தம் செவி எலும்புகளை ஆராய்ச்சிக்கென்று எழுதிவைத்தவர்களின் கொடையால்தான் மனிதக் காதைப் பற்றி அறிகிறோம். அவற்றை ஆராய்ந்தபோது, மயிர்ச்செல்கள் பெரும்பாலும் எஞ்சியிருந்தபோதும், ஐம்பது வயதைக் கடந்தவர்களில் நரம்பிழைகள் சராசரியாகப் பாதிக்குமேல் அழிந்திருந்தன. நடுவயதினரில், பேரிரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்கு மற்றவர்களைவிட இழப்பு கூடுதலாக இருந்தது. குரங்குகளிடமும் இணைப்பு இழப்பைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் அதற்கு எலிக்குத் தேவைப்பட்டதைவிட உரத்த ஒலி தேவைப்பட்டது. எனவே எலியின் கணக்கை அப்படியே நம் காதுக்குப் பொருத்திவிடக் கூடாது. ஒரே ஒரு திருவிழாவில் பாதி நரம்பு போய்விட்டது என்று யாரும் நடுங்க வேண்டாம். 'அடைப்பு நீங்கினால் ஒன்றும் ஆகவில்லை' என்ற பழைய நம்பிக்கை மட்டும் இனி செல்லாது.

கழன்றதைத் திரும்ப ஒட்டவைக்க முடியுமா? நரம்புச் செல் உடனே சாவதில்லை என்று மேலே கண்டோமே, அதில்தான் நம்பிக்கையின் நுனி இருக்கிறது. நரம்பு வளர்ச்சிக்கு உதவும் ஒரு புரதத்தைப் பேரொலிக்குப் பின் எலியின் உட்செவிக்குக் கொடுத்தபோது, இணைப்புகளில் ஒரு பகுதி மீண்டும் உருவாயிற்று. மனிதருக்குக் கொடுக்கும் மருந்தாக அது இன்னும் ஆகவில்லை.

ஆகவே இழக்காமல் காப்பதுதான் வழி. அதற்கும் இயற்பியலையே கூப்பிடுவோம். அமெரிக்கத் தொழிலிட நல ஆய்வு நிறுவனம் வகுத்த கணக்குப்படி, 85 டெசிபல் ஒலியில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒலிச்செறிவு இரு மடங்காவதால், நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 88 டெசிபலுக்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி. 100 டெசிபலுக்கு வரும்போது 15 நிமிடம்தான் மிஞ்சும். இதில் ஒன்றைக் கவனியுங்கள். இவ்வகை எல்லைகளையெல்லாம் வகுத்தது மௌன அறைச் சோதனையின் வரைபடத்தை அளவுகோலாக வைத்து. அந்த வரைபடத்துக்குத் தெரியாத இழப்பு ஒன்று இருக்கிறதென்றால், இந்த எல்லைகளே தாராளமானவையாக இருக்கலாம் என்று லிபர்மன் போன்றவர்கள் கவலைப்படுகிறார்கள். என் கட்சியும் அதுதான்.

காதுக்குள் செருகும் ஒலிக்கருவிகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவு இன்னும் கண்டிப்பானது. பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். சிறுவர்களுக்கு 75 டெசிபலில் அதே 40 மணி. பேருந்து இரைச்சலையும் மீறிப் பாட்டுக் கேட்கவேண்டி நாம் ஒலியைக் கூட்டும்போது இந்த அளவை எளிதில் தாண்டிவிடுகிறோம்.

திருவிழாவுக்கு வருவோம். திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலிச்செறிவு நான்கில் ஒரு பங்காகிறது. அதாவது 6 டெசிபல் குறைகிறது. ஒலிபெருக்கியிலிருந்து 1 மீட்டரில் 106 டெசிபல் இருந்தால், 2 மீட்டரில் 100, 4 மீட்டரில் 94, 8 மீட்டரில் 88. மேலே சொன்ன கால அளவோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு மீட்டரில் நிற்பவனுக்கு நான்கு நிமிடத்தில் தீர்ந்துவிடும் நாள் கணக்கு, எட்டு மீட்டரில் நிற்பவனுக்கு நான்கு மணி நேரம் நீடிக்கிறது. பத்துப் பன்னிரண்டு எட்டு பின்னால் நகர்ந்ததற்குக் கிடைத்த லாபம் இது. கல்யாண மண்டபத்துக்குள் இந்தக் கணக்குச் செல்லாது. நான்கு சுவர்களும் கூரையும் ஒலியைத் திருப்பித் திருப்பி அனுப்புவதால், பின் வரிசைக்குப் போனாலும் அவ்வளவாகக் குறையாது. அங்கே காதை மூடத்தான் வேண்டும். பலரும் பஞ்சை வைத்துக்கொள்கிறார்கள். அதன் துளைகள் வழியே ஒலி புகுந்துவிடுவதால் சில டெசிபல்தான் குறையும். மருந்துக் கடைகளில் கிடைக்கும் மெத்தென்ற காதடைப்பான் மேலானது. அதை விரல்களால் உருட்டி ஒல்லியாக்கி, காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்தபடி உள்ளே செருகி, அது விரிந்து பொருந்தும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சரியாகப் பொருந்தியதா என்று அறிய உங்கள் பெயரை நீங்களே சொல்லிப் பாருங்கள். குரல் பானைக்குள் பேசுவது போல் கேட்டால் பொருந்திவிட்டது.